மக்களே, ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன்னால்

அன்பு மக்களே,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்பாகத்தான் இருக்கிறது. காட்டுப்பன்றித் தொல்லைக்காக மாப்பிள்ளை வாங்கிய அந்தப் பழைய மார்லின் 336 துப்பாக்கியில் குண்டை ஏற்றத் திறந்து மூடுகிற லீவர் கனமாக இருக்கிறது, பாதி வழியில் கரகரவென்று பிடிக்கிறது, நானே பிரித்துச் சரி பண்ணப் போகிறேன் என்றாய். பண்ணு. உன்னால் முடியும். எட்டாம் வகுப்பிலேயே ரப்பர் வெட்டுகிற கத்தியை என்னைவிட நன்றாகச் சாணை பிடித்தவள் நீ. இங்கே குலசேகரத்தில் மூன்று நாளாக மழை விடவில்லை, பால் வெட்டும் இல்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியை ரிப்பேர் பண்ணுவதே 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். நீ இருக்கிற நாட்டில் சொந்தத் துப்பாக்கியை மேசையில் வைத்துத் திறக்கலாம் என்பதை போன வருசம் வந்தபோதுதான் நானே பார்த்தேன்.

முதலில், காலியா என்று பார். லீவரைத் திறந்து, குண்டு உட்காருகிற சேம்பருக்குள் விரலை விட்டுத் தடவிப் பார். இதில் குண்டு பீப்பாய்க்குக் கீழே இருக்கிற குழாயிலும் நிற்கும், அதையும் பார். தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்துவிட்டு வா. பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்க்கிற ஆர்மரராக இருந்த அத்தனை வருசமும் அடுத்தவன் "காலிதான்" என்று சொல்லிக் கொடுத்ததை நான் நம்பியதே இல்லை.

அப்புறம், எதையும் தேய்க்க நினைக்காதே. கழுவு. லீவரின் ஸ்க்ரூவைக் கழற்றினால் லீவர் கீழே வரும், சேம்பரைப் பின்னாலிருந்து மூடுகிற போல்ட்டைப் பின்னால் இழுத்தால் வந்துவிடும், சுட்ட தோட்டாக்கூட்டை வெளியே தள்ளுகிற எஜெக்டர் உள்ளே தளர்ந்து நிற்கும், அது எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று போட்டோ எடுத்துவிட்டு எடு. ஸ்க்ரூவின் வெட்டுக்குள் கச்சிதமாக உட்காருகிற டிரைவர் வேண்டும், வீட்டில் கிடக்கிறதை வைத்துத் திருகினால் தலை சிதைந்துபோகும். உள்ளே பழைய எண்ணெய் இறுகிப் பசை மாதிரி இருக்கும் பார், கரகரப்பில் முக்கால்வாசி அதுதான். நன்றாகத் துடைத்து, மெல்லிய துப்பாக்கி எண்ணெய் ஒன்றிரண்டு சொட்டு போட்டு, திரும்ப மாட்டி, மருந்தில்லாத டம்மி குண்டு வைத்து ஒரு இருநூறு முறை லீவரை முழுசாகத் திறந்து மூடு. தேங்காய் எண்ணெயைத் தொடாதே, குளிர்காலத்தில் உறைந்துவிடும்.

இவ்வளவு பண்ணியும் பிடித்தால்தான் கல்லை எடுக்க வேண்டும். எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். போல்ட்டின் பக்கங்களிலும் லீவரின் முனையிலும் கறுப்பு மார்க்கரால் பூசு, காய்ந்ததும் மாட்டிப் பத்து முறை ஆட்டு, கழற்றிப் பார். மை அழிந்து பளபளக்கிற இடம் மட்டும்தான் உன் வேலை. அங்கே பிசிறு இருந்தால் நைஸ் ஆயில் ஸ்டோனால் பைய நாலு இழுப்பு, அப்புறம் அறுநூறு, ஆயிரம் நம்பர் எமரி பேப்பரைத் தட்டையான கட்டையில் சுற்றித் தடவினால் போதும். பிசிறைத்தான் எடுக்கிறாய், இரும்பை இல்லை. ரப்பர் மரத்தில் உள்தடிக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் பட்டையை மிச்சம் விட்டு வெட்டுவோமே, அதைத் தாண்டிக் கத்தி போனால் மரம் முண்டு முண்டாகிப் பின்னால் அந்த இடத்தில் வெட்ட முடியாமல் போகுமே, அதே கைதான் இங்கேயும் வேண்டும். சுற்றுகிற கிரைண்டர் வேண்டவே வேண்டாம். வால்வு தேய்க்கிற பேஸ்டைப் போட்டு ஆட்டினால் மழமழவென்று ஆகும் என்று யாராவது சொன்னாலும் கேட்காதே, அந்தப் பொடி பின் மாட்டுகிற ஓட்டைக்குள் எல்லாம் போய் உட்கார்ந்துகொண்டு தேவையில்லாத இடத்தையும் தின்னும்.

ஒரு இடத்தை முக்கியமாகப் பார்க்கச் சொல்கிறேன். குண்டை மேலே தூக்கிக் கொடுக்கிற கேரியரின் அடிப்பக்கத்தில் லீவரின் முனை வந்து முட்டும். லீவரின் அந்த மூலை கூர்மையாக இருந்தால் வருசக்கணக்கில் கேரியரைச் சுரண்டிப் பள்ளம் பண்ணிவிடும், பள்ளம் ஆழமானால் ஒரு நாள் குண்டு பாதியில் சிக்கி லீவர் நின்றுபோகும். அந்த மூலையைக் கல்லால் லேசாக உருட்டிவிடு. பள்ளம் ஏற்கனவே ஆழமாக இருந்தால் தேய்த்துச் சமாளிக்காதே, புதுக் கேரியர் வாங்கு.

போல்ட்டைப் பூட்டி நிறுத்துகிற லாக்கிங் போல்ட்டைத் தொடாதே. சுடும்போது அந்த அழுத்தத்தை முழுக்கத் தாங்குவது அதுதான், அதில் குறைந்தால் தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி கூடும். இந்த மார்லினில் தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்துகிற ஃபயரிங் பின் இரண்டு துண்டு, லாக்கிங் போல்ட் முழுசாக மேலே ஏறி நின்றால்தான் இரண்டும் நேராக வரும். லீவர் சரியாக மூடாமல் சுடக்கூடாது என்று யோசித்து வைத்த ஏற்பாடு அது.

அப்புறம், அந்தப் பின்னை அடிக்கிற ஹேமரின் வெட்டும், அதில் மாட்டி ஹேமரைப் பிடித்து நிறுத்துகிற டிரிகரின் முனையான சியரும். இதை உனக்கு இதுவரை சொன்னதில்லை. சர்வீஸில் சேர்ந்து இரண்டாம் வருசம், ஒரு பழைய .303 ரைபிளில் டிரிகர் கரகரப்பாக இருக்கிறது என்று யாரிடமும் கேட்காமல் சியரைக் கல்லில் இழுத்தேன். தொட்டுப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருந்தது, அப்படி ஒரு பெருமை எனக்கு. மாட்டி போல்ட்டை வேகமாக மூடினேன், குண்டைக் குத்துகிற ஸ்ட்ரைக்கர் நிற்காமல் கூடவே போய் டக்கென்று விழுந்தது. டிரிகரில் என் விரலே இல்லை. உள்ளே இருந்தது டம்மி குண்டு, எதிரே சுவர். ஆனால் அரை நிமிடத்துக்கு முன்னால்தான் என் கூட்டாளி அந்தச் சுவர்ப் பக்கமிருந்து சாயா டம்ளரோடு நடந்து வந்திருந்தான். இன்றைக்கும் அந்த டக் சத்தம் காதில் இருக்கிறது. அதனால் அந்த இரண்டு முனையிலும் நீ கல் வைக்கக்கூடாது மக்களே. டிரிகர் கனம் என்றால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடு, காசு போனால் போகட்டும்.

ஹேமரைத் தள்ளுகிற ஸ்பிரிங்கையும் வெட்டாதே. லீவரைத் திறக்கும்போது போல்ட் பின்னால் போய் ஹேமரைச் சாய்க்கிறது, அந்த ஸ்பிரிங்கின் கனமும் உன் கையில்தான் தெரியும், அது இருக்க வேண்டிய கனம். கொஞ்சம் இளகின ஸ்பிரிங் விற்கிறார்கள், ஆனால் ரொம்ப இளகினால் தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கிற பிரைமரில் அடி பலமாக விழாது. பன்றி எதிரே நிற்கும்போது சுட்டால் வெறும் டக்தான் கேட்கும்.

எல்லாம் மாட்டிய பிறகு டம்மி குண்டு போட்டு மெதுவாகவும் வேகமாகவும் ஆட்டிப் பார். ஹேமர் தானாக விழுகிறதா, பாதி இழுத்த நிலையில், அதாவது பாதிக் காக்கில், நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் சுடும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கேயும் முதலில் ஒரே ஒரு குண்டு.

அம்மா முந்திரிக்கொத்து பண்ணி வைத்திருக்கிறாள், அடுத்த வாரம் பார்சல் போடுகிறோம், மாப்பிள்ளையிடம் சொல்லு. ஞாயிற்றுக்கிழமை கழற்றும்போது வீடியோ கால் போடு, இங்கே ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பேன். போனை மேசைக்குப் பக்கத்தில் வை. லீவர் ஓடுகிற சத்தத்தை நான் கேட்க வேண்டும்.

அப்பா