முதல் ஆறு வாரங்களில் வாரம் ஒரு மணி நேரம்: கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம். நான் மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை. நாங்கள் அனுப்பிவைக்கும் பிள்ளைகள்தான் உங்கள் முதலாண்டு வகுப்புகளில் வந்து உட்காருகிறார்கள். அவர்களில் ஒருத்தி, பள்ளியில் முதலிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள், இந்த ஆண்டு முதல் பருவம் முடிவதற்குள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிட்டாள். விலகலுக்கான காரணம் என்ற இடத்தில் ‘சொந்த விருப்பம்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த இரண்டு சொற்கள்தான் என்னை இந்த மடலை எழுத வைத்தன.

அவள் கொஞ்சம் தாமதமாகச் சேர்ந்தாள். வரவேற்பு விழா அதற்குள் முடிந்திருந்தது. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவள் எண்ணைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. முதல் இன்டர்னல் தேர்வு எந்த அறையில் என்ற தகவல் அந்தக் குழுவில் மட்டும்தான் வந்தது. கட்டடம் கட்டடமாகத் தேடிப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே விட மறுத்துவிட்டார்கள். பட்டியலில் பூஜ்யம். அத்தோடு அந்தப் பாடமே போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டாள். மறுதேர்வுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அந்தக் கல்லூரியின் விதிமுறைப் புத்தகத்திலேயே இருக்கிறது, இணையதளத்தில் நானே படித்தேன். அப்படி ஒரு புத்தகம் இருப்பதையே அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

கேட்காமலும் இல்லை. ஆசிரியர் அறை வாசல் வரைக்கும் போயிருக்கிறாள். உள்ளே நாலைந்து பேர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்கள். யாரைக் கேட்பது, அந்த நேரத்தில் கேட்கலாமா, என்ன சொல்லித் தொடங்குவது, எதுவும் தெரியவில்லை. நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். “உள்ள போலாமா கூடாதான்னுகூடத் தெரியல மிஸ்” என்று என்னிடம் சொன்னபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பூஜ்யத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அழாத பிள்ளை. அப்புறம் அந்த ஆசிரியரின் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டு அவர் வகுப்புக்குப் போவதை நிறுத்தினாள். மெல்ல மெல்ல மற்ற வகுப்புகளுக்கும் போகவில்லை. கல்லூரியிலிருந்து அவள் பெயரைக் குறிப்பிட்டு வீட்டுக்கு வந்த முதல் கடிதம், வருகைப்பதிவு குறைவு என்ற அறிவிப்பு.

பதினெட்டு வயது ஆகிவிட்டது, அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்று உங்களில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பார்த்துக்கொள்வார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் முதலில் காட்ட வேண்டும். பள்ளியில் ஒரு பிள்ளை இரண்டு நாள் வரவில்லை என்றால் வகுப்பாசிரியர் கேட்பார். எந்தப் பாடத்தை எப்போது படிக்க வேண்டும் என்பது வரை நாங்களே சொல்லிவிடுகிறோம். அதெல்லாம் ஒரே நாளில் நின்றுபோகிறது. அம்மாவோ அப்பாவோ கல்லூரியில் படித்த வீட்டில் கிரெடிட் என்றால் என்ன, அரியர் விழுந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே பிள்ளை காதில் விழுந்துவிடும். குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறும் பிள்ளைக்கு அதைச் சொல்ல உங்களை விட்டால் யாரும் இல்லை.

அதனால் நான் கேட்பது இதுதான். முதல் ஆறு வாரங்களுக்கு, வாரம் ஒரு மணி நேரம், கால அட்டவணைக்கு உள்ளேயே ஒதுக்குங்கள். பதினைந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஒரு சீனியர். அந்த இருவரின் பெயரும் அறை எண்ணும் சேர்க்கை நாளிலேயே ஒவ்வொரு பிள்ளையின் கைக்கும் போய்விட வேண்டும்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடத்துவது என்று கேட்டால், ஆறு வாரம் போதாத அளவுக்கு இருக்கிறது. வகுப்பில் ஒரு மணி நேரம் என்றால் வெளியே இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்பது ஒவ்வொரு பாடத்துக்கும் மணி நேரக் கணக்கில் மதிப்புத் தரும் கிரெடிட் முறை வளர்ந்த அமெரிக்கக் கல்லூரிகளின் பழைய கணக்கு. வாரத்துக்குப் பதினைந்து மணி நேர வகுப்பு இருந்தால் முப்பது மணி நேரம் தானாக உட்கார்ந்து படிக்க வேண்டும். வெறுமையாகத் தெரிகிற பிற்பகல்கள் அதற்கானவை என்பது புதிதாக வருகிற பிள்ளைக்குத் தெரியாது. குறிப்பெடுப்பதையும் கற்றுக்கொடுங்கள். நாங்கள் சொல்லச் சொல்ல எழுதிப் பழகிய பிள்ளைகள் அவர்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் உருவாக்கிய முறை எளிமையானது: தாளின் வலப்பக்கம் அகலமாக விட்டு வகுப்பில் குறிப்பு, இடப்பக்கக் குறுகிய பத்தியில் பிறகு எழுதும் கேள்விகள், அடியில் சுருக்கம். அன்றே வலப்பக்கத்தை மூடிக்கொண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பார்க்க வேண்டும். மறதி முதல் நாளிலேயே பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது என்று ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்மீதே சோதித்து எழுதிவிட்டார். திரும்பத் திரும்ப வாசிப்பவரைவிட, மூடிவைத்து நினைவுகூர்ந்து பார்ப்பவருக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருக்கிறது என்று ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் காட்டினார்கள். அதே சோதனையில், படித்த ஐந்து நிமிடத்திலேயே கேட்டபோது வாசித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். பிள்ளைகள் ஏமாறுவது அங்கேதான், படித்த கையோடு எல்லாம் வந்துவிட்டது போல் இருக்கிறது. இரவெல்லாம் விழித்துப் படிப்பதைப் பெருமையாகச் சொல்லும் சீனியர்களுக்கு நடுவே, அந்த வயதுக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேரத் தூக்கம் தேவை என்று ஓர் ஆசிரியர் வாயால் கேட்கவும் வேண்டும்.

இவற்றைவிட முக்கியமாக, கதவைத் தட்டப் பழக்குங்கள். முதல் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஆசிரியரின் அறைக்குத் தனியாக வந்து ஐந்து நிமிடம் பேசிவிட்டுப் போகட்டும். ஊர், பெயர், படித்த பள்ளி, எது பயமாக இருக்கிறது, இவ்வளவு போதும். ஒருமுறை உள்ளே வந்து போன அறைக்குள் மறுமுறை நுழையத் தயக்கம் வராது.

இதெல்லாம் புதிதாக நான் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் 1970-இல் மாணவர் போராட்டம் வெடித்து, தலைவர் தாமஸ் ஜோன்ஸை அவர் அலுவலகத்திலேயே முற்றுகையிட்டார்கள். மாணவர்கள் இந்த இடத்தைத் தங்களுடையதாக நினைக்க நாம் என்ன செய்திருக்கிறோம் என்ற யோசனைக்கு அவர் வந்தார். 1972-இல் முதலாண்டு மாணவர்களுக்கென்றே ஒரு பாடம் தொடங்கியது, அது இன்றும் நடக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் வால்டனும் கோஹனும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் செய்தது இன்னும் சிறிய வேலை. இந்த இடத்துக்கு நான் பொருந்தவில்லை என்ற எண்ணம் ஆரம்பத்தில் எல்லோருக்கும் வருவது, நாளாக நாளாகப் போய்விடும் என்பதை முதலாண்டில் சுமார் ஒரு மணி நேரத்தில் உணர்த்தினார்கள். அதில் பங்கேற்ற கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த மூன்று ஆண்டுகளிலும் உயர்ந்தன.

ஆனால் நம் கல்லூரிகளின் முதல் நாள் எப்படிப் போகிறது? மேடை, பொன்னாடை, சிறப்பு விருந்தினரின் நீண்ட உரை. சென்ற ஆண்டு வேலைக்குப் போனவர்களின் படங்கள் வாசலில் பெரிதாக நிற்கின்றன. பாதியில் போனவர்கள் எத்தனை பேர், ஏன் போனார்கள் என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை. கட்டணம் ஒரு நாள் தாமதமானால் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வருகிறது. பிள்ளை வாரக்கணக்கில் வகுப்புக்கு வராதபோது அதே தொலைபேசியில் யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

உங்கள் சிரமங்களும் எனக்குத் தெரியும். காலிப் பணியிடங்கள், பாடச்சுமை, நாளுக்கு நாள் கூடும் அலுவல் வேலைகள். எல்லாவற்றுக்கும் நடுவில் வாசலுக்கு வந்த பிள்ளையை உட்காரவைத்துப் பேசும் பேராசிரியர்களும் உங்களிடையே இருக்கிறார்கள். அவர்களால் நிலைத்தவர்கள் என் மாணவர்களில் பலர். அந்த நல்ல மனம் யாருக்கோ வாய்க்கும் அதிர்ஷ்டமாக இல்லாமல், சேர்ந்த ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் ஏற்பாடாக மாற வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

அடுத்த பருவத்துக்கான கால அட்டவணையை நீங்கள் தயாரிக்கும்போது அந்த ஒரு மணி நேரத்தைத் தயவுசெய்து முதலில் எழுதிவிடுங்கள், மீதி வகுப்புகளை அதைச் சுற்றி அமையுங்கள். தாமதமாகச் சேரும் பிள்ளைகளுக்கு அவர்கள் சேரும் நாளிலிருந்து ஆறு வாரம் கணக்கிடுங்கள். பள்ளியிலிருந்து என்ன தகவல் வேண்டுமானாலும் தரவும், நேரில் வந்து பேசவும் எங்களைப் போன்ற ஆசிரியர்கள் தயாராக இருக்கிறோம். இந்த மாணவி மறுபடி சேர விரும்புகிறாள். அவள் விண்ணப்பம் உங்களில் யாருடைய மேசைக்கு வந்தாலும், முன்பு விலகிய காரணத்தை அவளிடமே ஒருமுறை கேட்டுவிட்டு முடிவெடுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை