பூஜ்யத்திலிருந்து எண்ணு

தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. உனக்கு வேலை அதிகம் என்று அக்கா சொன்னாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்பா கண் பரவாயில்லை. சொட்டு மருந்து போடத்தான் தினமும் சண்டை.

சர்வரில் கை வைக்கும்போது ரிஸ்ட் ஸ்ட்ராப் போடுகிறாயா, உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தை இறக்கிவிடும் அந்த மணிக்கட்டுப் பட்டையை? சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோல் கேட்கிறேன் என்று கோபப்படாதே. விரலில் சுரீரென்று உனக்குத் தெரியவே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். 100 வோல்ட்டுக்குக் கீழேயே கெட்டுப்போகிற சிப் உண்டு. அன்றே செத்துவிட்டால் பரவாயில்லை. பாதி உயிரோடு இரண்டு மாதம் ஓடிவிட்டு, வேறு யாரோ டூட்டியில் இருக்கும்போது விழும். பட்டை தோலில் படவேண்டும். முழுக்கைச் சட்டைக்கு மேலே மாட்டினால் அது வெறும் வளையல். கிளிப்பைப் பெயின்ட் இல்லாத இரும்பில் போடு. வயருக்குள் இருக்கும் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் உன் உயிருக்காக. பட்டை அறுந்துவிட்டது என்று வெறும் வயரைச் சுற்றிக்கொள்ளாதே. நீ செய்வாய். சைக்கிள் பிரேக்குக்கு என்ன செய்தாய் என்று மறக்கவில்லை.

போன வருஷம் அனுப்பினாயே, சர்வர்களை அடுக்கிவைக்கும் ரேக்கின் பின்பக்கப் படம், வயரெல்லாம் தலை வாரிவிட்டதுபோல. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன். பாதிப் பேருக்கு அது என்னவென்றே புரியாது. இவ்வளவு அழகாக வயர் கட்டத் தெரிந்தவனுக்கு ஒரு போன் செய்யத் தெரியாதா?

சரி, அதை விடு. மெமரி மாற்றும்போது சர்வரை அணைத்தால் மட்டும் போதாது. பவர் சப்ளை இரண்டு இருக்கும். இரண்டு வயரையும் கழற்று. அணைத்த பிறகும் போர்டில் கொஞ்சம் கரன்ட் இருந்துகொண்டே இருக்கும். கழற்றியதும் பவர் பட்டனை ஒரு தடவை அழுத்திவிட்டு, அப்புறம் கை வை. ஓரத்தைப் பிடித்துத் தூக்கு; தங்க விளிம்பில் விரல் படக்கூடாது. பவர் சப்ளையை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதே.

டிஸ்க் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஓடும்போதே உருவலாம் என்பதால் எதை வேண்டுமானாலும் உருவலாம் என்று ஆகாது. ரெய்டு 5-இல், பல டிஸ்கைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் அந்த முறையில், ஒன்று போனால் தாங்கும். இரண்டாவது போனால் எல்லாம் போச்சு. உருவுவதற்கு முன் அந்த டிஸ்கின் விளக்கை மின்னவிட்டுப் பார். டிஸ்க் சொருகும் ஸ்லாட்டின் எண் பல சர்வர்களில் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பூஜ்யத்திலிருந்து, தம்பி.

நான் ஒன்றிலிருந்து எண்ணினேன்.

நீ ஆறாவது படித்தபோது, இரண்டு வாரம் உடம்பு சரியில்லை என்று நான் படுத்திருந்தேனே, அப்போது. காகிதத்தில் ஸ்லாட் 3 என்று இருந்தது. விளக்கைப் பார்க்காமல் இடமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, நன்றாக இருந்த டிஸ்கை உருவிவிட்டேன். ஃபேன் சத்தம் மாறவே இல்லை. பச்சையாக மின்னிக்கொண்டிருந்த விளக்குகள் மட்டும் நின்றன. திரும்பச் சொருகிப் பார்த்தேன், வரவில்லை. காலையில் கேட்டபோது, நான் வரும்போதே இரண்டு போயிருந்தது என்று சொன்னேன். நடந்ததையெல்லாம் சர்வர் எழுதிவைக்கும் லாக்கை எடுத்திருந்தால் தெரிந்திருக்கும், யாரும் எடுக்கவில்லை. ராத்திரி டூட்டிப் பையனுக்கு மெமோ கொடுத்தார்கள். இப்போது உனக்கு இருக்கும் வயதுதான் இருக்கும். நான் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து திருகுகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளில் அவன் வேலையை விட்டுப் போய்விட்டான். அப்பாவுக்குக்கூட இது தெரியாது.

அக்கா முழுசாகச் சொல்லவில்லை என்றுதானே எழுதினேன். கொஞ்சம் சொன்னாள்.

போன் தலைமாட்டில்தான் இருக்கிறது. ராத்திரி எந்நேரமானாலும் எடுப்பேன். அப்பாவிடம் கொடுக்க மாட்டேன்.

அம்மா

இரண்டு வயரையும் கழற்று. ஒன்று இல்லை, இரண்டு.