சூப்பர்ஸ்டார் இல்லாத அணிகளின் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் அணி உரிமையாளர்களே, பொது மேலாளர்களே,

வணக்கம். பருவத்துக்கு 35, 40 ஆட்டங்களை வென்று பிளேஆஃப் (சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிச் சுற்றுகள்) வாசல்வரை வந்து திரும்பும் அணிகளின் நிர்வாகங்களுக்கு இந்த மடல். “நம்மிடம் சூப்பர்ஸ்டார் இல்லை, இரண்டு மூன்று பருவங்கள் தோற்போம், டிராஃப்டில் ஒருவர் கிடைப்பார்” என்ற யோசனை உங்கள் கூட்டங்களில் மறுபடி மறுபடி எழுகிறது. ஆண்டுதோறும் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், அதிகம் தோற்ற அணிகளுக்கே முன்னுரிமை என்பதால் வரும் யோசனை அது. தயவுசெய்து அதைக் கைவிடுங்கள்.

ஃபிலடெல்ஃபியா 2013-14 தொடங்கி மூன்று பருவங்களில் 19, 18, 10 ஆட்டங்களையே வென்றது. அந்தத் தோல்விகளின் பலனாக வந்த ஜோயல் எம்பீட் 2023-இல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதையும் பெற்றார். ஆனாலும் 2025 வரை அந்த அணி கிழக்குப் பிரிவின் இறுதித் தொடரைக்கூட எட்டவில்லை. போதாக்குறைக்கு, 2019-இல் மாறிய விதிப்படி, கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு தலா 14 விழுக்காடு ஆகிவிட்டது. அதை நம்பி இரசிகர்களின் மூன்று ஆண்டுகளைப் பணயம் வைப்பது நியாயமா?

2000-ஆம் ஆண்டின் டெட்ராய்ட்டை நினைத்துப் பாருங்கள். அணியின் ஒரே பெரும் நட்சத்திரமான கிராண்ட் ஹில் ஆர்லாண்டோவுக்குப் போய்விட்டார். ஈடாக வந்தவர்களில் ஒருவர் பென் வாலஸ். 1996 டிராஃப்டில் எந்த அணியும் தேர்ந்தெடுக்காத வீரர். பொறுப்பில் இருந்த ஜோ டூமார்ஸ் அவரைச் சுற்றித் தற்காப்பைக் கட்டினார். அணி அணியாக அலைந்துகொண்டிருந்த சான்சி பில்லப்ஸை 2002-இல் ஒப்பந்தம் செய்தார். புள்ளி எடுப்பதில் பெயர்பெற்ற ஜெர்ரி ஸ்டாக்ஹவுஸைக் கொடுத்து ரிச்சர்ட் ஹாமில்டனை வாங்கினார். டேஷான் பிரின்ஸ் டிராஃப்டில் 23-ஆவது தேர்வாக வந்தவர். 2004 பிப்ரவரியில், தன் அணிக்கு என்ன குறை என்று தெளிவாகத் தெரிந்த பிறகு, ரஷீத் வாலஸைக் கொண்டுவந்தார். இந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் தற்காப்பு, பிறகு பந்தைப் பொறுப்பாகக் கையாளும் பாயின்ட் கார்ட், கடைசியில்தான் விடுபட்ட துண்டு. பெரும்பாலான நிர்வாகங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

அந்த 2003-04 பருவத்தில் அணியிலேயே அதிகம் புள்ளி எடுத்த ஹாமில்டனின் சராசரி ஆட்டத்துக்கு 18 புள்ளிகளைத் தொடவில்லை. உடைந்த மூக்கைக் காக்க முகமூடி அணிந்துகொண்டு, எதிராளியை மறித்து நிற்கும் சக வீரர்களை (ஸ்கிரீன்) ஒருவர் பின் ஒருவராகச் சுற்றி ஓடி, எதிராளியைக் களைக்கவைத்து அவர் எடுத்த புள்ளிகள் அவை. கிழக்குப் பிரிவு இறுதித் தொடரின் இரண்டாம் ஆட்டமும் கண்முன் நிற்கிறது. டெட்ராய்ட் இரண்டு புள்ளி முன்னிலை, சில நொடிகளே மீதம். பந்து பறிபோய், இண்டியானாவின் ரெஜ்ஜி மில்லர் தடுப்பாரின்றி, வளையத்துக்கு மிக அருகிலிருந்து பந்தைப் போடும் லே-அப்புக்கு எழும்புகிறார். வெகுதூரம் பின்னாலிருந்து துரத்தி வந்த பிரின்ஸ் அந்தப் பந்தைத் தட்டிவிட்டு, ஓடிய வேகத்தில் ஆடுகளத்துக்கு வெளியே போய் விழுகிறார். தட்டிய பந்தை எடுக்க ஹாமில்டனும் அங்கே ஓடி வந்திருந்தார். ஒருவர் துரத்துவார் என்று இன்னொருவர் நம்பி ஓடியதால் கிடைத்த வெற்றி அது. இறுதித் தொடரில் ஷாக்கில் ஓ’நீல், கோபி பிரையன்ட் இருந்த லேக்கர்ஸை அதே அணி மூன்றாம் ஆட்டத்தில் 68 புள்ளிகளுக்குள் அடக்கி, தொடரை 4-1 என்று வென்றது.

“பில்லப்ஸும் பென் வாலஸும் பின்னாளில், மாபெரும் வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தவர்கள்தானே?” என்பீர்கள். உண்மைதான். 2002-இல் பில்லப்ஸை யாரும் அப்படி மதிக்கவில்லை என்பதும் உண்மை. அவருக்குப் பொருந்தும் வேலையைக் கொடுத்த அணியில்தான் அவர் அந்த உயரத்துக்கு வளர்ந்தார்.

இந்த வழி எளிதென்று நான் சொல்லமாட்டேன். 2014-15-இல் அட்லாண்டா 60 ஆட்டங்களை வென்றது. ஜனவரியில் ஆடிய 17 ஆட்டங்களிலும் வெற்றி. மாதத்தின் சிறந்த வீரர் விருதைத் தொடக்க ஐவருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். பிறகு லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாண்டிடம் 4-0 என்று தோற்றது. கைல் கோர்வர் காயத்தால் விலகியது ஒரு காரணம். ஆனால் பந்து வளையத்தில் விழாத இரவுகளில் ரீபவுண்டுக்கு முட்டிமோதி ஆட்டத்தைக் காப்பாற்றும் முரட்டு பலம் அந்த அணியிடம் குறைவாக இருந்தது என்பதே என் கணிப்பு. அழகான பாஸ்கள் பருவத்தை வென்றுதரும். பிளேஆஃபில் அதற்கு மேலும் தேவைப்படுகிறது.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் அணியின் நல்ல வீரர் ஒருவருக்குச் சூப்பர்ஸ்டாரின் சம்பளத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அனுபவம் மிக்க வீரருக்கான உச்ச ஒப்பந்தம், அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கும் வரம்பில் 35 விழுக்காட்டை விழுங்கக்கூடியது. சூப்பர்ஸ்டார் இல்லாத அணிக்கு இருக்கும் ஒரே சாதகம், அந்தப் பணத்தைப் பிரித்து எட்டு ஒன்பது தரமான வீரர்களை வைத்துக்கொள்ள முடிவதுதான். அதையும் இழந்தால் நட்சத்திரமும் இல்லை, ஆழமும் இல்லை.

அடுத்த கோடையில் மற்ற அணிகளுடன் பேசும்போது, அதிகம் புள்ளி எடுப்பவர் யாரென்று கேட்பதற்கு முன், தவறான வேலை கொடுக்கப்பட்டு ஒதுக்கப்பட்ட வீரர் யாரென்று விசாரியுங்கள். தற்காப்பை நம்பும் பயிற்சியாளருக்கு மூன்று பருவங்களாவது அவகாசம் கொடுங்கள். டிராஃப்டுக்காகத் தோற்க வேண்டி, பருவத்தின் கடைசிக் கட்டமான மார்ச் மாத ஆட்டங்களில் காயமில்லாத வீரர்களை உட்கார வைக்காதீர்கள். டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் உங்கள் அணி வெல்வதைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

அக்கறையுடன்,
ஒரு கூடைப்பந்து இரசிகன்