கார்பைடு பரப்பில் ஒட்டும் வாயு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்திருப்பது பெரிய ஆறுதல். மகள் உலோகக் கார்பைடுகளில், அதாவது உலோகமும் கார்பனும் சேர்ந்த சேர்மங்களில், ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கிறாள் என்று படித்ததும் எனக்குப் பழைய ஆர்வமெல்லாம் கிளம்பிவிட்டது. வெட்டுக்கருவி செய்கிற பொருளில் வாயுவுக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தாயே, சொல்கிறேன்.

1973-இல் லெவி, பூடார் என்ற இரு விஞ்ஞானிகள், டங்ஸ்டன் கார்பைடு வினைகளைத் தூண்டுவதில் பிளாட்டினம் போல நடந்துகொள்வதைக் காட்டினார்கள். அறை வெப்பநிலையிலேயே ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அதன் பரப்பில் சேர்ந்து நீரானது. தனி டங்ஸ்டனுக்கு அந்தத் திறமை கிடையாது. கார்பன் சேர்ந்ததும் பரப்பின் எலக்ட்ரான் அமைப்பு மாறிவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அந்தக் கார்பனே வாயு மூலக்கூறை நேரடியாகப் பிடிக்கவும் செய்கிறது என்பதுதான். டைட்டானியம் கார்பைடின் பரப்பில் டைட்டானியமும் கார்பனும் சதுரங்கக் கட்டங்கள் போல மாறி மாறி இருக்கும். கார்பன் டை ஆக்சைடு நேர்கோடான மூலக்கூறு, எளிதில் அசைந்து கொடுக்காதது. அது இந்தப் பரப்பில் உட்காரும்போது எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு வளைகிறது. அதன் கார்பன் பரப்பின் கார்பனோடு பிணைகிறது, ஆக்சிஜன்கள் டைட்டானியம் பக்கம் சாய்கின்றன. கணினிக் கணக்கீடுகள் காட்டும் படம் இது. பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை எனக்கு! மாலிப்டினம் கார்பைடில் ஒரு பிணைப்பு அறுந்தே போகும். கார்பன் மோனாக்சைடு ஒருபுறம், பரப்பில் ஒட்டிய ஆக்சிஜன் மறுபுறம். அந்த ஆக்சிஜனை ஹைட்ரஜன் நீராக்கி எடுத்துப்போனால்தான் இடம் காலியாகி அடுத்த மூலக்கூறு வர முடியும். பிடி அதிகமானால் பரப்பு அடைபடும், குறைந்தால் வினையே நடக்காது.

அவளிடம் ஒன்றைக் கட்டாயம் சொல். புதிதாகச் செய்த மாலிப்டினம் கார்பைடு தூளைச் சட்டென்று காற்றில் திறந்தால் பற்றிக்கொள்ளலாம். ஆக்சிஜன் மிகக் குறைவாகக் கலந்த வாயுவை மெதுவாகச் செலுத்தி, மேலே மெல்லிய ஆக்சைடு படலம் உண்டான பிறகே வெளியே எடுக்க வேண்டும். சோதனைக்கு முன் ஹைட்ரஜனில் சூடாக்கி அதை நீக்க வேண்டும். படலம் சரியாகப் போகாவிட்டால், கார்பைடு என்று நினைத்து ஆக்சைடைத்தான் அளந்துகொண்டிருப்பாள்.

அப்புறம், அவள் எடுத்திருப்பது எந்தக் கார்பைடு, ஒற்றைப் படிகமா தூளா என்று கேட்டு எழுது. பரப்பைச் சூடாக்கி, எந்த வெப்பநிலையில் எந்த வாயு வெளியேறுகிறது என்று பார்க்கும் முறையைப் பற்றி அதற்கேற்ப அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்