தகட்டில் எண் இருக்கிறது, பெயர் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. அகழ்ந்ததில் 52 பேரின் எச்சங்கள், விடுதலைப் புலிகளின் சீருடைத் துணி, அவர்கள் அடையாளத்துக்கு அணிந்த எண் பொறித்த தகடுகள். யார் பெற்ற பிள்ளைகளோ!

எங்கள் பகுதியைப் போல அதுவும் நெல்லும் மீனும் சோறு போடும் ஊர். 1984 டிசம்பரில் ராணுவம் விரட்ட, வயலைப் போட்டது போட்டபடி ஓடிய சனம் அது. போர் முடிந்து திரும்பினால், பலருடைய காணியில் வேறு ஆட்கள்.

போருக்குத் தப்பிக் கோடியக்கரையில் படகிலிருந்து இறங்கிய அகதிகளுக்குச் சோறு போட்டவர்கள் நாங்கள். பிள்ளையைத் தேடும் தாய்மார் தமிழக அகதி முகாம்களிலும் இருக்கிறார்கள். அந்த எலும்புகள் யாருடையவை என்று ஒப்பிட்டு அறியும் மரபணுப் பரிசோதனைக்கு அவர்கள் இங்கிருந்தே ரத்த மாதிரி கொடுக்க மத்திய, மாநில அரசுகள் இலங்கையுடன் பேசி வழிசெய்ய வேண்டும். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

– ஒரு விவசாயி, வேதாரண்யம்