அணுவா, பரமாணுவா?

வேலூர்,
தோட்டப்பாளையம்.

அன்புள்ள முனிரத்தினம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தள்ளிப்போனதற்கு முழங்கால் வலி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். உண்மையில் நம்ம ஊர் வெயில்தான். காலை பத்து மணிக்கே மலைப்பாறை அனல் கக்கினால் பேனாவைத் தொடத் தோன்றுமா? நீ கேட்ட இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் நாக்பூர் வரைக்கும் தாங்காது. நேரில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு மொழிக்காரனும் விஞ்ஞானச் சொல்லுக்குத் தனித்தனியாக மண்டையை உடைத்துக்கொள்வானேன், சமஸ்கிருதத்தில் ஒரே சொல்லாக ஆக்கிவிட்டால் நாடு முழுக்கப் புழங்கலாமே என்று எழுதியிருந்தாய். 36 வருஷம் வேதியியல் நடத்தியவனிடம் போய்க் கேட்டிருக்கிறாய். கொஞ்சம் பொறுமையாகப் படி.

சொல் ஆக்குவதற்குச் சமஸ்கிருதம் தோதான மொழி என்பதில் எனக்குச் சண்டை இல்லை. 'க்ரு' என்று ஒரே ஒரு வேர். அதன் தலையில் ப்ர, வி, உப என்று மாட்டிக்கொண்டே போனால் பிரகிருதி, விகாரம், உபகாரம் என்று வந்துகொண்டே இருக்கும். அந்தத் தைரியத்தில்தான் ஹிந்திக்கு அகராதி போட்ட அறிஞர் ரகுவீரா கணக்கில்லாமல் சொற்களை வார்த்துத் தள்ளினார். ஹிந்திக்குச் சொல் வேண்டுமென்றால் முதலில் சமஸ்கிருதத்திடம் போ என்று அரசியல் சட்டத்தின் 351ஆவது பிரிவே சொல்கிறது.

ஆனால் 'ஒரே சொல்' என்கிறாயே, அங்கேதான் இடிக்கிறது. உன் பேத்தியின் மராத்திப் புத்தகத்தை எடுத்துப் பார். நாம் அணு என்பது அங்கேயும் அணு. நம் மூலக்கூறு அங்கே ரேணு. ஹிந்திப் புத்தகத்தில் நம் மூலக்கூறுதான் 'அணு'. நம் அணு 'பரமாணு' ஆகிவிடும். கேரளத்தில் மூலக்கூறுக்குத் 'தன்மாத்ர' என்று சாங்கியத் தத்துவத்திலிருந்து எடுத்துவந்து வைத்திருக்கிறார்கள். எல்லாம் சமஸ்கிருதம்தான்!

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். அதுவரை சித்தூர்ப் பக்கம் தெலுங்கு மீடியம். பரீட்சையில் 'தண்ணீரின் ஓர் அணுவில் மூன்று பரமாணுக்கள் உள்ளன' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டு முட்டை போட்டேன். பையன் அழவில்லை, மறுநாள் தன் பழைய தெலுங்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தைத் திறந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றான். அவன் எழுதியது அட்சரம் பிசகாமல் சரி. காட்பாடியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம், அதற்குள் ஒரே சொல்லுக்கு அர்த்தம் மாறிவிட்டது! இரண்டு மார்க்கையும் கொடுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சிவப்புக் கோடு உறுத்துகிறது.

அப்புறம் இன்னொன்று. நம்ம ஊர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வரும் வங்காளத்துக்காரர்கள் கூட்டம் உனக்குத் தெரியும். காந்தி ரோடு பக்கம் லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை எங்கும் வங்காளத்தில் போர்டு. போன மாதம் ஒரு டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பர்த்வானில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியின் வைத்தியத்துக்காக வந்திருக்கிறார். இரண்டு பேருக்கும் பாதி இங்கிலீஷ், ஆனாலும் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அவர்கள் ஊர்ப் பழைய சொற்களை எழுதிக் காட்டினார். ஆக்சிஜன், 'அம்லஜான்'. நைட்ரஜன், 'யவக்ஷாரஜான்'. எழுத்தில்தான் அப்படி, அவர் வாயில் அது 'ஜொபொக்கார்ஜான்' என்று உருண்டு வந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்த பையன் திரும்பிப் பார்த்தான்.

அந்த அம்லஜானில் ஒரு வேடிக்கை. அம்லம் என்றால் நம் அமிலம்தான். எல்லா அமிலத்திலும் இந்த வாயு இருக்கிறது என்று நினைத்து, 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்ற பொருளில் லவாய்சியர் ஆக்சிஜன் என்று பெயர் வைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது துளிகூட இல்லை என்று பின்னால் இங்கிலீஷ் விஞ்ஞானி டேவி காட்டிவிட்டார். பிரெஞ்சுக்காரர் செய்த தப்பை வங்காளிகள் சுத்தமான சமஸ்கிருதத்தில் மொழிபெயர்த்து வைத்துக்கொண்டார்கள். நம் 'பிராணவாயு' பரவாயில்லை. யாரையும் பார்த்துக் காப்பி அடிக்காமல், அது செய்கிற வேலையைச் சொல்கிறது. ஆனால் நம் தாத்தா காலத்து 'ஜலவாயு' இருக்கிறதே, ஹைட்ரஜன், அதை உன் நாக்பூரில் போய்ச் சொல்லிப் பார். ஹிந்தியில் ஜலவாயு என்றால் தட்பவெப்பநிலை!

1961இல் மத்திய அரசு அமைத்த கலைச்சொல் ஆணையமே தனிமங்களின் பெயரை உலக வழக்கப்படி வைத்துக்கொள் என்றுதான் விதி வகுத்தது. எனக்கு அது புத்திசாலித்தனமாகப் படுகிறது. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும்.

பர்த்வான் வாத்தியாரை நேற்று மறுபடி பார்த்தேன். தூரத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வந்து, மனைவிக்கு ஆக்சிஜன் எடுத்துவிட்டார்கள், தானாகவே மூச்சு விடுகிறாள் என்றார். ஆக்சிஜன் என்றுதான் சொன்னார்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல். ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னாலேயே கிளம்பி வா.

உன்,
ஏகாம்பரம்