சேரச் சொல்கிறீர்கள், சரி. விற்பனைக் கணக்கை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வர்த்தகப் பக்கங்களில் அடிக்கடி ஒரு புத்திமதி வருகிறது. சிறு வியாபாரிகள் பெரிய கம்பனிகளின் கணினி அமைப்போடு இணைந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் போட்டியில் நிற்க முடியாது என்று. நான் புறக்கோட்டையில் பருப்பு, கடலை, செத்தல் மிளகாய் போன்ற சாமான்களைச் சுப்பர் மார்க்கெட்டுகளுக்கும் சில்லறைக் கடைகளுக்கும் கொடுக்கும் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறவன். இணைய வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, நாங்கள் ஏற்கனவே இணைந்துதான் இருக்கிறோம். ஆனால் நன்மை, நன்மை என்று கதைக்கிறவர்கள் அது யாருக்கு எவ்வளவு போகிறது என்பதைப் பற்றி மட்டும் மூச்சு விடுவதில்லை.

நாங்கள் சரக்குக் கொடுக்கும் ஒரு சுப்பர் மார்க்கெட் கம்பனியின் (பெயர் வேண்டாமே) ஓடர்கள் அவர்களுடைய இணையத்தளத்தில்தான் வரும். எந்தக் கிளைக்கு எத்தனை பெட்டி, எத்தனை மணிக்குள் லொறி போக வேண்டும், எல்லாம் அதிலேயே. இன்வொய்ஸையும் நாங்கள்தான் அதில் ஏற்ற வேண்டும். முன்பு அவர்களுடைய ஆள் செய்த வேலையை இப்போது எங்கள் கடைப் பையன் செய்கிறான், சம்பளம் எங்கள் முதலாளி கொடுக்கிறார். சும்மா சொல்லக்கூடாது, பில் தொலைந்துவிட்டது என்ற சண்டை இப்போது இல்லை, காசு வரும் திகதியும் முன்கூட்டியே தெரிகிறது. ஆனால் எங்கள் பருப்பு எந்தக் கிளையில் எந்தக் கிழமை எவ்வளவு போகிறது என்பது அவர்களுக்கு உடனுக்குடன் தெரியும், எங்களுக்கோ அடுத்த ஓடர் வந்தால்தான் ஊகிக்க முடியும். பிறகு அதே கம்பனி தன் சொந்தப் பெயரில் பருப்புப் பொதி போட்டு எங்கள் பொதிக்குப் பக்கத்திலேயே அடுக்கியது. அரைக் கிலோ ஓடுமா, ஒரு கிலோ ஓடுமா என்று அவர்கள் யாரிடமும் விசாரிக்கத் தேவையிருக்கவில்லை.

இது நம்மூர்க் குணம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கன் எயார்லைன்ஸ் விமானக் கம்பனி, ஐபிஎம் என்ற கணினிக் கம்பனியோடு சேர்ந்து 1960களில் 'சேபர்' என்ற ஆசன முன்பதிவு அமைப்பைக் கட்டியது. 1976இலிருந்து அதன் திரைகளைப் பயண முகவர்களின் மேசைக்கே கொண்டுபோய் வைத்தது. முகவருக்கு வசதி, தொலைபேசியில் காத்துக்கிடக்க வேண்டாம், மற்றக் கம்பனிகளின் விமானங்களும் அதே திரையில் வரும். ஆனால் எது முதலில் வரும்? வாடிக்கையாளரை எதிரே வைத்துக்கொண்டிருக்கும் முகவர் இரண்டாம் மூன்றாம் பக்கத்துக்கு ஏன் போகப் போகிறார், பெரும்பாலான பதிவுகள் முதல் பக்கத்திலிருந்துதான் நடந்தன, அந்த முதல் பக்கத்தில் அமைப்பின் சொந்தக்காரர் தன் விமானங்களை மேலே போட்டுக்கொண்டார். போட்டிக் கம்பனிகள் எந்த வழித்தடத்தில் எவ்வளவு விற்கின்றன என்ற தகவலும் அவர் கையில். கடைசியில் 1984இல் அமெரிக்க அரசாங்கம் தலையிட்டு, திரையில் இப்படிப் பாரபட்சம் காட்டக்கூடாது என்று விதி போட்டது. அதற்குள் முகவர்கள் அந்தத் திரைக்குப் பழகி, வேறொன்றுக்கு மாறுவதே பெரிய தலையிடி என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள்.

அதே காலத்தில் அமெரிக்கன் ஹொஸ்பிட்டல் சப்ளை என்ற கம்பனி வைத்தியசாலைகளுக்குள்ளேயே ஓடர் போடும் கருவிகளை வைத்து வியாபாரத்தைப் பிடித்த கதையும் உண்டு. ஓடர் போடுவது சுலபமானதும் வைத்தியசாலை அந்தக் கம்பனியை விட்டு நகரவில்லை. ஆனால் அது நிரந்தரமாக இருக்கவில்லை, பின்னாளில் மற்ற வழங்குநர்களின் பொருட்களையும் அதே அமைப்பில் அனுமதிக்க வேண்டி வந்தது.

ஆகவே, இரண்டு கம்பனிகள் ஒரு கணினி அமைப்பைப் பகிர்ந்துகொண்டால் இரண்டு பேருக்கும் செலவு குறையலாம், ஆனால் போட்டியில் முந்துவது பெரும்பாலும் விதி எழுதுகிறவரும் தகவலைப் பார்க்கிறவரும்தான்.

அமைப்பின் சொந்தக்காரர் பெரியவராக இருந்தாலும் கதை வேறு மாதிரி நடக்கலாம். அமெரிக்காவின் பெரிய கடைக் கம்பனியான வால்மார்ட் 1991இல் 'ரீடெய்ல் லிங்க்' என்ற அமைப்பைத் தொடங்கி, ஒவ்வொரு வழங்குநரின் பொருளும் எந்தக் கடையில் எவ்வளவு விற்றது என்பதை அந்த வழங்குநருக்கே திறந்து காட்டியது. தர்மத்துக்குச் செய்யவில்லை, கடையில் சரக்கு இல்லாமல் போவதையும் கிடங்கில் தேங்குவதையும் வழங்குநர் தலையில் கட்டினால் தனக்கு இலாபம் என்றுதான் செய்தது. விற்பனைக் கணக்குத் தெரியாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு, பாம்பர்ஸ் நாப்பி தயாரிக்கும் பி அன்ட் ஜி கம்பனிக்கு இருந்த குழப்பம் ஓர் உதாரணம். குழந்தைகள் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் நாப்பி பாவிக்கிறார்கள், ஆனால் விநியோகஸ்தர்களின் ஓடர்கள் மட்டும் ஏறியும் இறங்கியும் ஆடுகின்றன, அந்தக் கம்பனி தன் மூலப்பொருளுக்குப் போடும் ஓடரோ இன்னும் பெரிதாக ஆடுகிறது. ஒவ்வொரு படியிலும் ஆட்கள் பயந்து கொஞ்சம் கூட்டிப் போடுவது அதற்கு ஒரு காரணம்.

புறக்கோட்டையில் இதை யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. பருப்பு விலை ஏறப்போகிறது என்று காலையில் ஒரு வதந்தி கிளம்பினால் வெள்ளவத்தைக் கடைக்காரர் இரண்டு மூட்டைக்குப் பதில் ஐந்து கேட்பார், நாங்கள் இறக்குமதியாளரிடம் இருபது கேட்பதற்குப் பதில் அறுபது கேட்போம், பிறகு எல்லோரும் சேர்ந்து வண்டு வரும்வரை வைத்துக்கொண்டிருப்போம். 2022இல் டொலர் இல்லாமல் இறக்குமதி தடுமாறியபோது இதைக் கண்ணால் பார்த்தோம். உண்மையில் வாடிக்கையாளர் என்ன வாங்குகிறார் என்ற கணக்கு எல்லாப் படிகளுக்கும் தெரிந்திருந்தால் அந்தப் பதற்றத்தில் பாதி குறைந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். எங்களை இணைத்துக்கொள்ளும் கம்பனிகள் ஓடரை அனுப்புகின்றன, விற்பனைக் கணக்கை அனுப்புவதில்லை. வால்மார்ட் 1991இலேயே கொடுத்ததைத்தான் நாங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சரி, பெரியவர் தராவிட்டால் சிறியவர்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ள முடியாதா? முடியும், அதுவும் இந்த ஊரிலேயே நடந்திருக்கிறது. மத்திய வங்கியும் வர்த்தக வங்கிகளும் பங்குதாரர்களாக இருக்கும், வங்கிகளுக்கிடையிலான காசோலைகளைத் தீர்க்கும் லங்காகிளியர் கம்பனி (இப்போது பெயர் லங்காபே) 2002இல் வந்தது. 2006இல் காசோலையின் படத்தை அனுப்பித் தீர்க்கும் முறையைத் தெற்காசியாவில் முதலாவதாகக் கொண்டுவந்தார்கள். யாழ்ப்பாணத்துக் காசோலை கொழும்பில் மாறும்வரை நாட்கணக்காகக் காத்திருந்த வியாபாரிகளைக் கேட்டால் அதன் அருமையைச் சொல்வார்கள். 2013இல் பொது ஏடிஎம் வலையமைப்பு வந்தது, 2015இல் வங்கிக்கு வங்கி உடனடியாகக் காசு அனுப்பும் வசதி வந்தது. அதற்கு முன் நாடு முழுக்க இயந்திரம் வைத்திருந்த பெரிய வங்கிகளுக்கு அதுவே ஒரு பலம். கிளை குறைந்த வங்கியில் கணக்கு வைத்தால் ஊருக்குப் போனதும் காசு எடுக்க இடம் தேட வேண்டும். வலையமைப்பு பொதுவானதும் சிறு கட்டணத்தோடு எந்த இயந்திரமும் சரி என்றாகி, அந்தப் பலம் கரைந்தது. வங்கிகள் ஒன்றோடொன்று மோதுவது நிற்கவில்லை, மோதும் இடம்தான் வட்டிக்கும் சேவைக்கும் செயலிக்கும் மாறியது.

தேயிலைக்காரர்கள் இன்னொரு உதாரணம். 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் 2020 ஏப்ரலில், ஊரடங்குக்கு மத்தியில், இணையத்துக்கு மாறியது. தரகர்களும் வாங்குகிறவர்களும் பரம்பரைப் போட்டியாளர்கள், இருந்தும் எல்லோருக்கும் பொதுவான ஒரே அமைப்பில் ஏலம் கேட்கிறார்கள்.

இதைச் சொன்னால் எங்கள் தெருவில் ஒரே பதில்தான் வரும்: "பக்கத்துக் கடைக்காரனுக்கு என் விலையைக் காட்டச் சொல்கிறாயா?" யாரும் விலையைக் காட்டச் சொல்லவில்லை, காட்டவும் கூடாது. அமெரிக்காவில் விமானக் கம்பனிகள் கட்டண விபரங்களைப் பகிரும் ஒரு பொது அமைப்பை வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் விலை உயர்வுக்குச் சைகை காட்டுகின்றன என்று நீதித் திணைக்களம் 1992இல் வழக்கே போட்டது. பொதுவாக வைக்க வேண்டியது பொருளின் குறியீடு, ஓடர் படிவம், சரக்கு ஒப்படைத்ததற்கான பற்றுச்சீட்டு, அவ்வளவுதான். இலங்கைக்குரிய 479 என்று தொடங்கும் பட்டைக்குறியீடு பல பொதிகளில் ஏற்கனவே இருக்கிறது. இன்று ஒவ்வொரு சுப்பர் மார்க்கெட்டுக்கும் ஒவ்வொரு தளம், ஒவ்வொரு கடவுச்சொல், அதே மிளகாய்ப் பொதிக்கு ஒவ்வொரு இடத்திலும் வேறு இலக்கம். மொத்த வியாபாரிகள் எல்லோரும் ஒரே வடிவத்தில்தான் ஓடர் வாங்குவோம் என்று நின்றால் சுப்பர் மார்க்கெட்டுக்காரர்களும் கொஞ்சம் இறங்கி வருவார்கள். தனிக் கடை கேட்டால் "விருப்பமில்லையென்றால் விடுங்கள்" என்பார்கள், எங்களுக்குச் சொல்லியும் ஆயிற்று.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டப்படி கணினியில் செய்த ஒப்பந்தமும் செல்லும், ஆகவே 'சம்மதம்' என்ற பெட்டியைச் சொடுக்கிவிட்டுப் பிறகு கையெழுத்து வைக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2022இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனி ஆட்களின் தரவுக்கானது, ஒரு கடையின் விற்பனைக் கணக்கு அதற்குள் வராது. மிஞ்சுவது ஒப்பந்தத்தில் நாமே எழுதி வாங்குவதுதான்: எங்கள் பொருளின் கிளைவாரி விற்பனையை வாரம் ஒருமுறை எங்களுக்குத் தர வேண்டும், அதைத் தங்கள் சொந்தப் பொதிக்கு விலை வைக்கப் பயன்படுத்தக்கூடாது, விலகினால் பழைய பதிவுகளைக் கையில் தந்துவிட வேண்டும்.

இப்படி ஒரு வாசகத்தை ஒப்பந்தத்தில் சேர்த்து ஒப்புக்கொள்ள வைத்த வழங்குநர் யாராவது உங்கள் வாசகர்களில் இருந்தால், கம்பனிப் பெயர்களை எடுத்துவிட்டு அதை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள், இந்தப் பகுதியிலேயே பிரசுரியுங்கள். அடுத்த தவணை கையெழுத்துக்கு எங்கள் முதலாளி போகும்போது நான் அதைத்தான் அவர் கையில் கொடுத்து அனுப்பப் போகிறேன்.

இப்படிக்கு,
புறக்கோட்டைக் கணக்கப்பிள்ளை ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.